கூடாரமும் சுழல்காற்றும்

கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது என்றால் நமக்கெல்லாம் கொண்டாட்டந்தான். அங்கே வரக்கூடிய சுழல்காற்றைப் பற்றியும் அறிந்துகொண்டு செல்வோமா?

வெயில் வேளையில் மைதானத்துப் புழுதியையும் காகிதங்களையும் சுழற்றிச் செல்லும் காற்றை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதற்கு மேகம் தேவையில்லை; தரையின் சூடே போதும். கடலின்மேல், வளரும் மேகத்தின் அடியில் எழுவது நீர்த்தூண். அதைப் போலவே தரையில் எழுவதை 'லேண்ட்ஸ்பவுட்' என்பர். 1985-ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க வானிலை அறிஞர் ஹோவர்ட் புளூஸ்டீன்.

இது எவ்வாறு உண்டாகிறது? அமெரிக்காவின் புளோரிடா தீபகற்பத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கே மெக்சிகோ வளைகுடா. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் கடற்காற்று வீசுகிறது என்று பூகோளத்தில் படித்தோம் அல்லவா? கோடையில் அங்கே இருபுறமிருந்தும் கடற்காற்று வீசுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தரையோரம் சிறு சுழிகள் தோன்றுகின்றன. அதற்கு நேர்மேலே மேகம் திரண்டு வளர்ந்தால், மேலெழும் காற்று சுழியை உயர நீட்டி ஒடுக்குகிறது. சுழலும் நாற்காலியில் அமர்ந்து, நீட்டிய கைகளை மடக்கினால் வேகம் கூடும். அதுபோலவே ஒடுங்கிய சுழியும் வேகம் கொள்கிறது.

பெரும்பாலும் இது சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆயினும் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேலும் வீசக்கூடும். மணலில் அடித்த முளைகள் அதைத் தாங்குமா? ராடார் முன்கூட்டியே காட்டாதா என்று கேட்பீர்கள். இச்சுழல் தரையிலிருந்து மேல்நோக்கி வளர்வது. தொலைவிலுள்ள ராடாரின் அலைகளோ பல வேளைகளில் அதற்கு மேலாகச் சென்றுவிடும். ஆகவே நம் கண்களே நமக்குக் காவல்.

புழுதி சுழல்வதைக் கண்டதும் அண்ணாந்து பார்ப்போம். வானம் தெளிவாக இருந்தால், கண்களை மூடிக்கொண்டு விலகி நின்றால் பெரும்பாலும் போதும். மேலே மேகம் திரண்டு வளர்ந்திருந்தாலோ, கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாகாது. பொருள்களை விட்டுவிட்டு உறுதியான கட்டடத்துக்குள் சென்று, சன்னல்களை விட்டு விலகி இருக்க வேண்டும். கட்டடம் இல்லையெனில் பள்ளமான இடத்தில் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். மரத்தடி ஆகாது. நீர்த்தூண் கரையேறவும் கூடும். ஆதலால் அதை வேடிக்கை பார்க்கக் கடலோரம் நிற்க வேண்டாம்.

பறந்துபோன கூடாரத்தைப் புதிதாக வாங்கிவிடலாம். உயிரை வாங்க முடியாது. எனவே தோழியரே, முதல் முளையை அடிக்கும் முன்பே, ஓடி ஒதுங்கக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்போம்.