ஒரே அளவுப் படகில் வெற்றி யாருக்கு?

கேள்வி: எல்லாரும் ஒரே வகைப் பாய்மரப் படகில் போட்டியிட்டால், வெற்றியை எது தீர்மானிக்கிறது?

பதில்: ஆட்கள்தான். அமெரிக்கரான ராட் ஜான்ஸ்டோன் 1970களில் வடிவமைத்த ஜே/24 படகையே பாருங்கள். 24 அடி நீளம், அடியில் ஈயக் கனம். பாய்களின் அளவும் விதிப்படிதான். ஏறுவோரின் மொத்த எடைகூட 400 கிலோவைத் தாண்டக்கூடாது. பணத்தைக் கொட்டி வேகத்தை வாங்கிவிட முடியாது. இந்தப் பந்தயத்தை நான் நேசிப்பதே அதனால்தான். கொடி இறங்கும் நொடியில் புறப்பாட்டுக் கோட்டைத் தொடுவது, காற்று திசை மாறுவதை முதலில் உணர்வது, குழுவின் ஐவரும் ஒரே கணத்தில் பக்கம் மாறி அமர்வது: வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

பல ஓட்டங்கள் கொண்ட தொடரில், ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2; மொத்தத்தில் குறைந்த புள்ளிக்கே கோப்பை. ஆகவே ஒரு நாள் முந்தி மறுநாள் பின்தங்கும் குழுவைவிட, தொடர் முழுக்க முன்வரிசையிலேயே நிற்கும் குழுதான் பெரும்பாலும் வெல்கிறது. மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்துக்கொள்ளவும் பல தொடர்களில் இடமுண்டு.