டிப்ளமா நடுவில் மாறுகிறதா?

ஆஸ்திரேலியாவில் பிசினஸ் டிப்ளமா 2020-ல் திருத்தப்பட்டபோது, 8 பாட அலகுகள் 12 ஆயின. அதில் 5 கட்டாயம். இப்படித் திருத்தம் வந்தால் பழையதை முடிக்கப் பொதுவாக ஓராண்டு அவகாசம் உண்டு. ஒன்றிரண்டு அலகுகளே பாக்கி என்றால் பழையதையே முடித்துவிடுவது நல்லது.

மாறத்தான் வேண்டுமா? முடித்த அலகுகளுக்கான சான்றை முதலில் கையில் வாங்குங்கள். அதே அலகோ, அதற்கு இணையானது என அரசின் பயிற்சிப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட அலகோ புதிய படிப்பில் இருந்தால் 'கிரெடிட் டிரான்ஸ்ஃபர்' கேளுங்கள். மறுபடி படிக்க வேண்டியதில்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதை நம்பாதீர்கள், குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கூடுதல் கட்டணம், முடியும் தேதி இரண்டையும் எழுத்தில் பெறுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள், சேர்க்கை உறுதிச் சான்று மாறுமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.