விதி வேறு, விளக்கம் வேறு

இரும்பு மின்சாரத்தைக் கடத்துகிறது; செம்பு கடத்துகிறது; அலுமினியமும் கடத்துகிறது. எனவே உலோகங்கள் மின்சாரத்தைக் கடத்தும். பி.எட். வகுப்பில் நாம் படித்த விதிவருமுறை இதுதான். கண்டவற்றைக் கொண்டு காணாதவையும் அப்படியே இருக்கும் என்கிறோம். ஆனால் ‘ஏன்?’ என்ற கேள்விக்கு இது விடை தராது. பொருந்தக்கூடிய பல காரணங்களை எதிரெதிரே நிறுத்தி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று தேர்வது வேறொரு முறை. அதைச் சிறந்த விளக்கத்தை உய்த்தறிதல் எனலாம்.

இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதால் ஒரு மாணவன் பல நாள் வீணாகத் திட்டு வாங்கினான். ஏழாம் வகுப்பில் கடைசி வரிசை மாணவன் அவன். கரும்பலகைக் கணக்கை எழுதச் சொன்னால் 6 என்பதை 8 என்று எழுதுவான். ‘நாளையும் தவறாகத்தான் எழுதுவான்’ என்று நான் நினைத்தது விதிவருமுறை. அதுவரை சரி. அத்தோடு நிற்காமல், ‘கவனம் இல்லாதவன்’ என்றும் முடிவு கட்டினேன். தவறுகளின் எண்ணிக்கை காரணத்தைச் சொல்லாது. நான் சொன்னது விளக்கம். அதுவும் வேறு எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்காத விளக்கம்.

ஒருநாள் கணக்குகளை வாய்மொழியாகச் சொன்னேன். எல்லாவற்றையும் சரியாக எழுதினான். கவனக்குறைவு என்றால் இதிலும் தவறியிருக்க வேண்டுமே? முதல் வரிசையில் உட்காரவைத்தேன். கரும்பலகையில் இருந்ததையும் பிழையின்றி எழுதினான். பார்வைக் குறைபாடு என்ற விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. கண் பரிசோதனை அதை உறுதி செய்தது.

நன்கு பொருந்தும் விளக்கமும் சில நேரம் பொய்க்கும். யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் செல்லாததற்கு, அதற்கு அப்பால் உள்ள ஒரு கோளின் ஈர்ப்பே காரணம் என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே. 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் தென்பட்டது. புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு இருந்தது. 1859இல் அதற்கும் ஒரு புதிய கோளே காரணம் என்றார். ‘வல்கன்’ என்று பெயரிட்டுத் தேடியும் அது கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கைதான் சரியான காரணத்தைத் தந்தது. நமக்குத் தோன்றிய விளக்கங்களுள் சிறந்ததைத்தான் நாம் தேர்கிறோம். சரியானது அந்தப் பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம்.

இப்போது என் வகுப்பில் மாணவர்கள் மூன்று கட்டங்கள் வரைகிறார்கள்: கண்டது என்ன? காரணமாக இருக்கக்கூடியவை எவை? ஒவ்வொன்றும் உண்மையானால் அடுத்து எதைக் காண வேண்டும்? இரண்டாம் கட்டத்தில் குறைந்தது இரண்டு காரணங்களாவது இருக்க வேண்டும். மூன்றாம் கட்டத்தைச் சோதிக்காமல் முடிவு எழுதக் கூடாது.

ஒரு மாணவனைப் பற்றி முடிவு சொல்லும் முன், நானும் அதே மூன்று கட்டங்களை மனத்தில் வரைந்துகொள்கிறேன்.