தெரிந்ததைச் சொல்லுங்கள், உங்கள் பெயரோடு

நல்லம்பள்ளி ஒன்றியத்தில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மக்களைத் தேடி மருத்துவத்தின் பிசியோதெரபிஸ்ட், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் களப்பணியாளர். ஆளுக்கொரு ரெஜிஸ்டர். அம்மா ஒரே கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்கிறார்.

நீங்கள் இவர்களில் ஒருவரா? இல்லை, இந்த வேலைக்கு அப்ளை செய்யப் போகிறீர்களா? பல போஸ்ட்கள் கான்ட்ராக்ட். சர்டிபிகேட் எல்லோரிடமும் இருக்கும். பக்கத்துத் துறைக்காரரும் போன் போட்டுச் சந்தேகம் கேட்கும் ஆள்தான் ரெனியூவல் நேரத்தில் நினைவுக்கு வருவார். அந்த ஆளாக ஆறு வழிகள்:

1. பக்கத்து மேஜையின் வேலையைப் படியுங்கள். பிசியோதெரபிஸ்ட் என்றால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எங்கே போவது, மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கு யார் தகுதி என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அந்தப் பட்டியலை இன்டர்வியூவில் தடுமாறாமல் சொல்பவர்கள் குறைவு.

2. ஆபத்தைத் தடுக்கும் தகவலை முதலில் கடத்துங்கள். விழுங்கச் சிரமப்படும் குழந்தையைப் படுக்க வைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். தெரபிஸ்டுக்கு இது பாலபாடம். ஆனால் பணியாளர்களில் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இருக்க வாய்ப்புள்ளவர் களப்பணியாளர். நிமிர்த்தி உட்கார வைப்பது எப்படி, தலையை எங்கே தாங்குவது என்று அவருக்குச் செய்து காட்டுங்கள், அவரையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். தகவல் எதிர்த்திசையிலும் வர வேண்டும். வலிப்பு மாத்திரை மாறியபின் குழந்தை வகுப்பில் தூங்கி வழிகிறது என்பதைக் கவனிப்பவர் சிறப்புப் பயிற்றுநர். டாக்டரிடம் அதை யாரும் சொல்லாவிட்டால் டோஸ் அப்படியே தொடரும். பழி குழந்தையின் ‘மந்தம்’ மேல் விழும். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதை நான் திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன், பொறுப்பின்மை என்றுதான் சொல்வேன்.

3. ஹேண்ட்-ஓவர் நோட் ஒரே பக்கம் போதும். குழந்தையால் இப்போது என்ன முடிகிறது, எதில் உதவி வேண்டும், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். கீழே உங்கள் பெயர், பதவி. ‘ஸ்பாஸ்டிசிட்டி’ என்று எழுதினால் பக்கத்திலேயே ‘தசை இறுக்கம்’ என்றும் எழுதுங்கள். புரியாத நோட்டை யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காத நோட்டால் உங்களுக்குப் பெயரும் கிடைக்காது.

4. வாட்ஸ்அப் குரூப்பில் குழந்தையின் போட்டோ, வீட்டு முகவரி, ரிப்போர்ட் வேண்டாம். பெற்றோர் சம்மதம் வாங்கி, தேவையானவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு ஃபார்வர்டு போதும், கட்டிய நம்பிக்கை போய்விடும்.

5. முன்மாதிரியைத் தெரிந்து வைத்திருங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் என்ற தொண்டு நிறுவனம் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற ஆப்பைப் பயன்படுத்துகிறது. கிராமத்துப் பணியாளரும் தெரபிஸ்ட்டுகளும் குழந்தையின் முன்னேற்றத்தை ஒரே பதிவில் பார்க்கிறார்கள். உலக வங்கி 2022-இல் நிதிக்கு ஒப்புதல் தந்த தமிழக அரசின் ரைட்ஸ் திட்டமும் சேவைகளை ஒரே இடத்தில் சேர்க்கத்தான் விழுதுகள் மையங்களைக் கொண்டுவந்தது. அங்கே வேலை கேட்டுப் போகிறவர், பிற துறையோடு சேர்ந்து முடித்த ஒரு கேஸையாவது விவரமாகச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

6. மீட்டிங்கில் அடுத்தவர் சொன்ன ஐடியாவை அவர் பெயரைச் சொல்லியே பேசுங்கள். அடுத்த முறை தகவல் உங்களிடம்தான் முதலில் வரும்.