வாசலிலிருந்து வாசலுக்கு

அன்பு மகள் நித்யாவுக்குப் பெரியப்பா எழுதுவது.

சிங்கப்பூர், சான் பிரான்சிஸ்கோ இரண்டு இடத்திலும் வேலை கிடைத்திருப்பதாக உன் அப்பா சொன்னான். மனசு நிறைந்தது. எதை எடுப்பது என்பது உன் முடிவு. நான் தலையிட மாட்டேன். தூரக் கணக்கை மட்டும் சரியாகப் போட்டுப் பார்.

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் குறுக்கு வழியில் அளந்தால் சுமார் 13,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது, 16 மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று போனில் சொன்னாய். நேர் விமானம் இருந்தால்தானே அம்மா அந்தக் கணக்கு? துபாய் வழியாக வந்தால் துபாய் வரைக்குமே ஏறக்குறைய 16 மணி நேரம். அங்கே காத்திருந்து, மறுபடி 4 மணி நேரம் பறந்து சென்னை. அப்புறம் தஞ்சாவூருக்கு ராத்திரியெல்லாம் கார். திங்கட்கிழமை கிளம்பினால் புதன்கிழமைதான் வீட்டு வாசலை மிதிப்பாய். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கே நேர் விமானம் இருக்கிறது. 3,000 கிலோமீட்டர்தான், 4 மணி நேரம் சொச்சம். காலையில் ஏறினால் சாயங்காலக் காபிக்கு இங்கே இருப்பாய்.

அப்பாயி போனபோது நடந்தது உனக்குத் தெரியாததில்லை. உன் சித்தப்பா அவசரத்தில் இரண்டு கம்பெனியில் தனித்தனி டிக்கெட் எடுத்தான். முதல் விமானம் தாமதம். அடுத்த விமானத்துக்காரர்கள் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இங்கே ஐஸ் பெட்டியின் கண்ணாடி வேர்க்க வேர்க்க, உன் அத்தை துண்டால் துடைத்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பங்காளிகள் பொறுக்கவில்லை, எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ஒரு பகல் பொறுத்திருந்தால் பெற்ற பிள்ளை முகம் பார்த்திருப்பான். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய் இன்றைக்கும் என்னால் கை நனைக்க முடியவில்லை.

உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

அமெரிக்காதான் என்றால், எப்போதும் ஒரே டிக்கெட்டாக எடு. அப்போதுதான் இணைப்பு விமானம் தவறினாலும் அவர்களே அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். நடுவில் 3 மணி நேரமாவது விடு. பசிபிக் வழியாகத் திரும்பினால் எதிர்க்காற்று. போனதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் கூடும். பாஸ்போர்ட்டை ஆபீசில் கொடுத்து வைக்காதே, கையிலேயே வைத்திரு.

இதையெல்லாம் படித்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே கண்ணு. இத்தனை தூரம் படித்து வந்தவள் நீ. எந்த ஊருக்குப் போனாலும் எங்களுக்குப் பெருமைதான். முதல் டிக்கெட் என் செலவு, மறுத்துப் பேசாதே. பெரியம்மா நாரத்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் போட ஆரம்பித்துவிட்டாள். பெட்டியில் இடம் வை. கிளம்புவதற்குமுன் பத்து நாளாவது இங்கே வந்து இருந்துவிட்டுப் போ.

ஆசியுடன்,
பெரியப்பா