குரல் எட்டும் தொலைவு

நுழையும்முன்

தக்க நேரத்தில் வரும் ஒரு தொலைபேசி அழைப்பு, கடலோர ஊரொன்றின் உயிர்களையே காக்க வல்லது. அக்குரல் அறுபடாமல் வந்துசேர எவற்றைத் திட்டமிட வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம், உப்பளங்கள் நிறைந்த நெய்தல் நிலமாகும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் கருதுவர். மலைகள் இல்லாத இச்சமவெளியில் வானொலி அலைகள் தங்குதடையின்றிச் செல்லும் எனத் தோன்றும். ஆயினும், இங்கும் தடைகள் உண்டு.

முதல் தடை, புவியின் வளைவு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அலைகளின் தொடுவானத் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். 25 மீட்டர் கோபுரத்திற்கு அது சுமார் 20.6 கி.மீ.; 100 மீட்டர் கோபுரத்திற்குச் சுமார் 41 கி.மீ. உயரம் நான்கு மடங்கானாலும் தொலைவு இரு மடங்கே ஆகிறது.

அடுத்தது நீர்ப்பரப்பு. பாத்திகளில் தேங்கிய உப்புநீர், அலைகளைக் கண்ணாடிபோல் எதிரொளிக்கும். நேரே வரும் அலையும் எதிரொளித்து வரும் அலையும் ஒன்றையொன்று குறைக்குமிடத்தில் குரல் மங்கும்.

உரையாடலோ இருவழிப்பட்டது. கோபுரத்தின் ஆற்றல் பெரிது. கைபேசியின் ஆற்றல் சிறிது. ஆதலின், கைபேசியின் அலை கோபுரத்தை எட்டும் தொலைவையும் கணக்கிட்டே எல்லை வகுக்க வேண்டும். பயணம் செய்வோரின் அழைப்பு அறுபடாதிருக்க, அடுத்தடுத்த கோபுரங்களின் எல்லைகள் சற்றே மேற்படிதல் வேண்டும். புயற்காலத்தில் மின்சாரம் நின்றாலும் கோபுரம் இயங்க, மின்கலங்களும் மின்னாக்கிகளும் தேவை. 2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்தது மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட இக்கடற்கரையில்தான்.

இத்தகைய திட்டமிடலுக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியிலேயே முன்னோடி உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்குத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் மையம். தொலைபேசிக் கம்பிகளை நம்ப இயலாத ஊர்களுக்கு, வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் குரலையும் தரவுகளையும் கொண்டுசென்றன. மின்தடையை எதிர்கொள்ளச் சூரிய மின்தகடுகள் அமைந்தன. வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலை பற்றித் தம் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அவ்வூர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அதனை ஊர்முழுதும் ஒலித்தது. மக்கள் வெளியேறி உயிர்பிழைத்தனர்.

அழைப்பு ஒருவரை எட்டியது. ஒலிபெருக்கி ஊரை எட்டியது. உப்பளத்தின் கடைக்கோடியில் நிற்கும் தொழிலாளிக்கும் எச்சரிக்கை சென்றுசேரும்போதே அலைவரிசைத் திட்டம் முழுமை பெறுகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் கைபேசி அழைப்பு அறுபடும் இடங்களைக் கண்டறிந்து, அதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.