பிள்ளைகளின் பல்: பதினெட்டு வயதுக்கு முன்

நியூசிலாந்தில் பொதுச் சுகாதார சேவைக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வரை அடிப்படைப் பற்சிகிச்சை இலவசம். பரிசோதனை, அடைத்தல், பிடுங்கல் எல்லாம் இதில் அடங்கும். கம்பி போடுவது சேராது. 1921இல் வெலிங்டனில் பாடசாலைப் பற்தாதியருக்கான பயிற்சியுடன் தொடங்கிய ஏற்பாடு இது.

எட்டாம் ஆண்டு வரை சமூகப் பற்சுகாதார சேவை பார்க்கும். ஒன்பதாம் ஆண்டு முதல், இச்சேவைக்கு ஒப்பந்தமான தனியார் பல் வைத்தியரிடம் பிள்ளையைப் பதிய வேண்டும். இந்த மாற்றத்தின்போதுதான் தொடர்பு விட்டுப்போகிறது. பிறகு வேர்ச்சிகிச்சை என்று வந்தால் செலவு நம் கையில்.

ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கொடுப்புப்பல்லைப் பலர் பாற்பல் என்றே நினைக்கிறோம். அது விழுந்து முளைக்காது. சூத்தை பிடிக்குமுன் அதன் பள்ளங்களைப் பூசி அடைக்கலாம்.

மோதகமும் பஞ்சாமிர்தமும் வேண்டாமென்று யார் சொல்வார்? சாப்பாட்டோடு உண்ணட்டும். நாள் முழுக்கக் கொறிப்பதே கெடுதல்.

உமிக்கரியில் வளர்ந்த நம் பெரியவர்கள் கோபிக்கக்கூடாது: அதில் புளோரைட் இல்லை. இரண்டு வேளையும் புளோரைட் பற்பசை வேண்டும்; ஆறு வயதுக்குள் மெல்லிய பூச்சு, பிறகு பட்டாணி அளவு. துப்பினால் போதும். நாம் பழகிய கொப்பளிப்பு புளோரைட்டையும் கழுவிவிடும்.

வளர்ந்தோருக்கு விபத்தில் பல் உடைந்தால் ஏ.சி.சி. உதவும். பிள்ளைகளைப் பதிய: 0800 825 583.